முரசோரத்துப் பல்லடைப்பு



பல்லிலே சூத்தை விழுந்தால் வைத்தியரிடம் சென்று அதனைத் துப்புரவாக்கி அடைப்பித்துக்கொள்ள வேண்டும் என்பது இன்று சிறுவரும் அறிந்த செய்தி. அடைத்தபின் நோவு நீங்குகிறது. உணவை மெல்ல முடிகிறது. பல்லின் நிறத்தோடு ஒத்த பொருளால் அடைத்திருப்பின், அடைத்த இடம் இதுவென்று பிறர் காண்பதும் அரிது. ஆயினும், சில ஆண்டுகள் கழிந்தபின் அதே பல்லில், அதே அடைப்பின் ஓரத்தில், மறுபடியும் சூத்தை தோன்றுவதைப் பலர் அனுபவத்தில் கண்டிருப்பர். அவ்வாறு தோன்றும் இடம் எதுவென்று பல்வைத்தியர்கள் ஆராய்ந்தபோது, பெரும்பாலும் அஃது அடைப்பின் அடியோரமாக, முரசை ஒட்டிய பக்கமாக இருக்கக் கண்டனர். பல்லின் உச்சியில் உறுதியாக நிற்கும் அடைப்பு, முரசின் அருகே மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கிறது? இன்றைய பேச்சில் இக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

நெடுங்காலமாகக் கடைவாய்ப் பற்களை அடைக்கப் பயன்பட்டது, வெள்ளியும் வெள்ளீயமும் இரசத்தோடு சேர்ந்த கலவையாகும். இக்கலவை பல்லோடு ஒட்டும் இயல்புடையதன்று. வாய் குறுகி அடி அகன்ற குழியொன்றை வெட்டி, அதனுள் இதனை அழுத்தி இறுக்கினால் கழன்று விழாமல் நிற்கும், அவ்வளவே. ஆனால் அதற்கு ஒரு நற்குணம் இருந்தது. காலப்போக்கில் அதன் ஓரங்களிலே துருப்போன்ற படிவு உண்டாகி, பல்லுக்கும் அடைப்புக்கும் நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளியைத் தானாகவே மூடிவிடும். எனினும், இரசம் சுற்றாடலுக்குத் தீங்கு விளைப்பது. ஆதலால், 2013ஆம் ஆண்டில் யப்பானிலே கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை, பல்லடைப்பில் இக்கலவையின் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்கும்படி நாடுகளை வேண்டிற்று. இலங்கையும் அவ்வுடன்படிக்கையிற் சேர்ந்த நாடுகளுள் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளில் 2025 ஜனவரி தொடக்கம், வைத்தியர் இன்றியமையாதது எனக் கருதும் சில சந்தர்ப்பங்கள் தவிர, இக்கலவையால் பல் அடைத்தல் நிறுத்தப்பட்டுள்ளது. எனவே, வருங்காலத் தலைமுறையின் பற்களைத் தாங்கும் பொறுப்பு, பல்லின் நிறமுடைய புதிய பொருள்களின்மேல் விழுந்திருக்கிறது. அவற்றுள் முதன்மையானது, கொம்பொசிற் என வழங்கும் கலப்புப் பிசின்.

இப்பிசினின் குணத்தை அறியுமுன் பல்லின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். நாம் கண்ணாற் காணும் பல்லின் மேற்கவசம் மிளிரி எனப்படும். எனாமல் என்பதும் அதுவே. நம் உடலில் உள்ள பொருள்களுள் மிகவும் கடினமானது இதுதான். நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 96 பங்கு கனிப்பொருளே. மிளிரிக்கு உள்ளே இருப்பது தந்தப் பகுதி. யானையின் தந்தம் எவ்வினப் பொருளோ இதுவும் அவ்வினத்ததே. இதில் கனிப்பொருள் நூற்றுக்கு 70 பங்கு அளவினதாகும். எஞ்சியவை புரத நார்களும் நீரும். அன்றியும், தந்தப் பகுதி முழுவதும் நுண்குழாய்கள் ஓடுகின்றன. ஒரு சதுர மில்லிமீற்றர் பரப்பில் அவை பல்லாயிரமாக இருக்கும். அவற்றினுள்ளே நீர்மம் நிறைந்திருக்கும். மிளிரியென்னும் கவசம் பல்லின் உச்சியில் தடித்திருந்து, கீழே வரவர மெலிந்து, பல்லின் கழுத்துப் பகுதியிலே, முரசின் அருகே, முற்றாக முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள வேருக்கு மிளிரி இல்லை. இந்த ஒரு செய்தியை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் நாம் கூறப்போவன யாவும் இதனையே பற்றி நிற்பன.

பல்லோடு ஒரு பொருளை உண்மையாகவே ஒட்டச் செய்யலாம் என்பதை முதலிற் காட்டியவர், அமெரிக்காவில் றொச்செஸ்ரர் நகரிலே பணிபுரிந்த மைக்கல் புவோனகோர் என்பவர். உலோகத் தகடுகளுக்கு வர்ணம் பூசுவோர், வர்ணம் நன்கு பற்றும்பொருட்டு முதலில் பொஸ்பரிக் அமிலத்தைத் தடவுவது வழக்கம். அம்முறையை அவர் பல்லுக்குப் பயன்படுத்திப் பார்த்தார். அமிலம் மிளிரியின் மேற்பரப்பை அரித்துக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பள்ளங்களை உண்டாக்கியது. அப்பள்ளங்களுள் பிசின் புகுந்து இறுகியதும், ஆணி அடித்தாற்போலப் பற்றிக்கொண்டது. இவ்வாய்வு வெளிவந்தது 1955ஆம் ஆண்டில்.

அக்காலத்தில் வழங்கிய அக்கிரிலிக்குப் பிசினில் ஒரு பெருங்குறை இருந்தது. அதன் மூலத் திரவம் தனியே இறுகினால், கனவளவில் நூற்றுக்கு 21 பங்கு சுருங்கிவிடும். தூளோடு கலந்து பயன்படுத்தியபோதும் சுருக்கம் பெரிதாகவே இருந்தது. இதனை ஆராய்ந்த றபாயெல் போவன் என்னும் அமெரிக்கப் பல்வைத்தியர், அந்நாட்டுத் தேசிய நியம நிலையத்தில் இருந்தபோது, பெரிய மூலக்கூறுகளைக் கொண்ட புதிய பிசின் ஒன்றை ஆக்கி, அதனுள் மிக நுண்ணிய சிலிக்காத் தூளைக் கலந்தார். தூள் பிசினோடு பிரியாது சேரும்படி அதற்கு ஒரு மேற்பூச்சும் இட்டார். 1962இல் இதற்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. இன்றைய கலப்புப் பிசின்கள் பெரும்பாலும் இவ்வழியில் வந்தவையே. தூள் சுருங்காது, பிசின் மட்டுமே சுருங்கும். தூளின் பங்கு மிகுந்தமையால், மொத்தச் சுருக்கம் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு என்னும் அளவுக்குக் குறைந்தது. குறைந்ததேயன்றி நீங்கிவிடவில்லை.

ஏன் சுருங்குகிறது என்று கேட்கலாம். ஈரச்சேறு உலரும்போது நீர் ஆவியாகிப் போவதனால் சுருங்குகிறது. பிசினிலிருந்து எதுவும் வெளியேறுவதில்லை. அது சுருங்குவதன் காரணம் வேறு. திருவிழாக் கூட்டத்தில் நிற்போர், ஒருவரோடொருவர் முட்டாதவாறு சிறிது இடம் விட்டு நிற்பர். அவர்கள் யாவரும் திடீரெனக் கைகோத்துக்கொண்டால் கூட்டம் நெருங்கும்; அது நிற்கும் இடமும் குறையும். திரவ நிலையில் உள்ள பிசினின் மூலக்கூறுகளும் இவ்வாறே தனித்தனியே நிற்கின்றன. வைத்தியர் நீலநிற ஒளியைப் பாய்ச்சியதும், பிசினுள்ளே கலந்திருக்கும் மஞ்சள் நிறப் பொருளொன்று, கற்பூரத்தோடு இனமானது, அவ்வொளியை வாங்கி வேலையைத் தொடக்கிவிடும். மூலக்கூறுகள் சங்கிலியாகப் பிணைந்து பல்பகுதியமாகின்றன. பிணையுமிடத்தில் அவற்றின் இடைத்தூரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. இதுவே சுருக்கத்தின் பிறப்பிடம். பிணைப்பு இல்லாமல் பிசின் இறுகாது. பிணைப்பு உண்டாயின் சுருக்கமும் உண்டு.

சுருக்கத்தினால் மட்டும் கேடு வந்துவிடாது. கோடையிலே குளம் வற்றியதும் அடித்தளத்துச் சேறு பாளம் பாளமாக வெடிப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதே சேற்றிற் சிறிது எடுத்து உருட்டி ஒரு பலகைமேல் வைத்தால், அது அளவிற் சிறுக்குமேயன்றி அவ்வாறு பிளப்பதில்லை. குளத்துச் சேறு கீழ்நிலத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. சுருங்க விரும்பினாலும் நிலம் விடுவதில்லை. ஆகவே அதனுள்ளே இழுவிசை வளர்ந்து, ஈற்றில் எங்காயினும் ஓரிடத்தில் விட்டுப்போகிறது. பல்லுக்குள் நிகழ்வதும் இதனை ஒத்ததே. பிசின் நன்றாக ஒட்டவேண்டும் என்று நாம் பாடுபடுகிறோம். அது நன்றாக ஒட்டுந்தோறும், சுருங்க இடமில்லாமல் உள்ளிழுவை மிகுகிறது.

இவ்விழுவை எதனைப் பொறுத்தது என்பதை அம்ஸ்ரர்டாம் நகரத்து ஆராய்ச்சியாளரான அல்பேர்ட் பைல்சரும் அவர்தம் தோழர்களும் 1987இல் தெளிவுபடுத்தினர். ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 6 முகங்கள். பெட்டிபோன்ற குழியைப் பிசினால் நிரப்பினால் 5 முகங்கள் பல்லோடு ஒட்டியிருக்கும். ஒரு முகம் மட்டுமே திறந்திருக்கும். ஒட்டிய முகங்களைத் திறந்த முகங்களால் வகுத்தால் 5 வருகிறது. உடைந்த முன்பல்லின் முனையைக் கட்டியெழுப்பும்போது ஒட்டும் முகம் ஒன்று, திறந்த முகங்கள் 5, வகுத்தால் ஐந்திலொன்று. பிசின் முற்றாக இறுகுமுன் சிறிது நேரம் கூழ்போல இருக்கிறது. திறந்த முகங்கள் மிகுதியாயின், அந்நேரத்தில் அங்கிருந்து பிசின் உள்நோக்கி அசைந்து, சுருக்கத்தை ஈடுசெய்துவிடும். திறந்த முகம் ஒன்றேயாயின் அந்த வாய்ப்புக் குறைவு. இழுவை முழுவதும் ஒட்டிய சுவர்களின்மேல் விழும்.

இன்னுமொரு நுட்பமும் இதில் உண்டு. இழுவை என்பது சுருக்கத்தை மட்டும் பொறுத்ததன்று. பொருளின் விறைப்பையும் பொறுத்தது. தூள் மிகுந்த பிசின் குறைவாகச் சுருங்கும்; ஆனால் விறைப்பு மிகுந்தது. தூள் குறைந்த நெகிழ்ந்த பிசின் மிகுதியாகச் சுருங்கும், ஆனால் வளைந்துகொடுக்கும். ஆகவே, சுருக்கம் குறைந்த பிசினே சிறந்தது என்று ஓர் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது பொருந்தாது.

இனி முரசோரத்துக்கு வருவோம். ஓர் அடைப்பின் மேலோரம் மிளிரியிலும் கீழோரம் தந்தப் பகுதியிலும் இருப்பதாகக் கொள்க. கன்னப்பக்கமாகப் பல்லின் கழுத்தில் உண்டாகும் குழிகளிலும், இரு கடைவாய்ப் பற்களின் நடுவே ஆழமாகச் சென்ற குழிகளிலும் நிலைமை இதுவே. பிசின் இறுகும்போது இருபுறமும் இழுக்கிறது. கயிறிழுத்தற் போட்டியைப்போல, உறுதியாக நிற்கும் பக்கம் வெல்கிறது. தளர்ந்த பக்கம் விட்டுவிடுகிறது. மிளிரியிற் பற்றிய பிடி, ஒரு சதுர மில்லிமீற்றர் பரப்பில் ஏறக்குறைய 2 கிலோகிராம் நிறையைத் தாங்கத்தக்க வலிமையுடையது. அன்றியும் அது உலர்ந்த, மாறாத பிடி. தந்தப் பகுதியோ ஈரமும் நாரும் உடையது. அங்கே பிசின் பற்றுவது எளிதன்று. 1982இல் நக்கபயாசி என்னும் யப்பானிய அறிஞரும் அவர் குழுவினரும், அமிலத்தால் வெளிப்பட்ட புரத நார்களினூடே பிசின் ஊறிச்சென்று, பல்லும் பிசினும் கலந்த ஒரு படையை ஆக்குவதைக் காட்டினர். இக்காலப் பற்பிசின்கள் இதனையே அடிப்படையாகக் கொண்டு, தொடக்கத்தில் நல்ல பிடியைத் தருகின்றன. எனினும், பிசின் முற்றாக ஊறாத நார்கள் ஈரத்தினாலும், பல்லிலேயே உறைந்திருக்கும் நொதியங்களாலும் ஆண்டுகள் செல்லச்செல்ல அரிக்கப்பட்டுப் பிடி தளர்கிறது. அம்ஸ்ரர்டாம் ஆய்வாளர்கள் 1984இலேயே இதனை, ஒட்டும் வலிமைக்கும் சுருங்கும் விசைக்கும் இடையே நிகழும் போட்டி என வருணித்திருந்தனர். அப்போட்டி எங்கு தோற்கப்படுகிறது என்று கேட்டால், விடை முரசோரமே.

தோற்றதன் விளைவு எவ்வளவினது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கனவளவில் நூற்றுக்கு 3 பங்கு சுருங்குமாயின், ஒரு திசையில் நீளம் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு குறையும். குழியின் அகலம் 4 மில்லிமீற்றர் என வைத்துக்கொண்டால், நூற்றில் ஒரு பங்கு 40 மைக்ரோமீற்றராகும். பிசினின் நெகிழ்ச்சியும் பல்லின் வளைவும் இதிற் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். எஞ்சுவது நாலிலொரு பங்காக இருப்பினும், இடைவெளி 10 மைக்ரோமீற்றர். வாய்க்கிருமி ஒன்றின் பருமன் ஒரு மைக்ரோமீற்றர் அளவில் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அவ்விடைவெளி, கிருமிகளுக்கு அகன்ற தெருவாகும்.

இவ்விடைவெளியால் உடனடியாகத் தோன்றக்கூடியது கூச்சம். கடிக்கும்போதும் குளிர்ந்த நீரை அருந்தும்போதும் அடைப்பின் அடியிலுள்ள நீர்மம் அசைகிறது. நுண்குழாய்களின் வழியே அவ்வசைவு நரம்பை எட்டுகிறது. சிலருக்குக் கூச்சம் எதுவும் தோன்றாமலே போகலாம். அதுவே மிகவும் வஞ்சகமானது. நோவு இல்லாமையால் பல் நலமாக இருப்பதாக எண்ணி இருந்துவிடுவோம். அதற்கிடையில் ஓரத்திலே படலம் சேர்ந்து அமிலம் ஊறும். மிளிரி கரையத் தொடங்குவதற்கு அமிலத்தன்மையின் அளவு 5.5 வரை இறங்கவேண்டும். வேரின் மேற்பரப்போ 6.2க்கும் 6.7க்கும் இடைப்பட்ட மென்மையான அமிலத்திலேயே கரையத் தொடங்கிவிடும். பிடி தளர்ந்த இடமும் எளிதிற் கரையும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

இதற்குப் பரிகாரம் என்ன? பல்வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவருவது, பிசினை ஒரேயடியாக நிரப்பாமல், 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத படைகளாக இட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒளியால் இறுகச் செய்யும் முறை. மண்சுவர் எழுப்புவோர் ஒரு வரிசை உலர்ந்தபின் அடுத்த வரிசையை வைப்பதுபோன்றது இது. இதனால் இழுவை குறைகிறதா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்து வெர்ஸ்லூயிசும் அவர் குழுவினரும் 1996இல் கணிப்பொறி மாதிரிகளைக் கொண்டு கணித்து, படைபடையாக இடுதல் பல்லின் சுவர்களை இன்னும் சற்று உள்ளே வளைக்கவுங்கூடும் என்றனர். ஆயினும் அம்முறையின் மற்றொரு பயன் மறுக்கப்படவில்லை. ஆழமான குழியின் அடிவரை ஒளி சென்று பிசின் முற்றாக இறுகுவதற்குச் சிறு படைகளே உறுதுணை. ஆழத்தில் இறுகாமல் நின்ற பிசின், சுருங்கிய பிசினைவிடக் கேடானது. அண்மைக் காலத்தில் 4 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே தடவையாக இடத்தக்க பிசின்களும் வந்துள்ளன. அவையும் முரசோரத்து இடரை முற்றாக நீக்கிவிடவில்லை.

இரண்டாவது பரிகாரம் பொருளையே மாற்றுதல். இலண்டனில் அரசாங்க இரசாயன ஆய்வுகூடத்தில் பணியாற்றிய அலன் வில்சன், பிறையன் கென்ற் என்னும் இருவர், 1972ஆம் ஆண்டில் புதியதொரு பற்சீமெந்தை உலகுக்கு அறிவித்தனர். கண்ணாடித் தூளையும் ஒருவகை அமிலத்தையும் கலந்து ஆக்கும் கிளாஸ் அயனோமர்ச் சீமெந்து என்பது அதுவே. இது பல்லின் கல்சியத்தோடு இரசாயன முறையிற் பிணைகிறது. ஈரமுள்ள தந்தப் பகுதியிலும் பற்றுகிறது. மெதுவாக இறுகுவதால் இழுவை தணிய நேரம் கிடைக்கிறது. புளோரைட்டையும் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. இதற்குக் குறையும் உண்டு. கலப்புப் பிசினைப்போல மினுக்கமோ தேய்வைத் தாங்கும் வலிமையோ இதற்கில்லை. ஆகவே, ஆழமான குழியின் முரசோரத்து அடியில் இதனை இட்டு, அதன்மேல் கலப்புப் பிசினை வைத்து மூடும் முறையொன்று வழக்கில் உள்ளது. கன்னப்பக்கத்துக் கழுத்துக்குழிகளுக்கு, பிசின் சிறிது சேர்த்த அயனோமரே பல வைத்தியர்களின் தேர்வாகிறது.

மூன்றாவது, யாவற்றிலும் முதன்மையானது, வைத்தியரின் கைப்பக்குவம். முரசின் ஓரத்திலே உமிழ்நீரும் குருதியும் கசியும். ஒரு துளி பட்டாலும் பிசினின் பிடி கெட்டுவிடும். பஞ்சுச் சுருளும் இறப்பர்த் திரையும் இட்டு இடத்தை உலர்வாக வைத்திருப்பதற்கும், அமிலம் தடவிக் கழுவுவதற்கும், படைபடையாக ஒளி காட்டுவதற்கும் நேரம் வேண்டும். இரசக்கலவையால் அடைப்பதிலும் பார்க்க இது நெடுநேர வேலை. வெளியே காத்திருக்கும் நோயாளர் நூறுபேராக இருக்கும் அரசாங்கப் பற்சிகிச்சை நிலையமாயினும், கட்டணம் பெறும் தனியார் நிலையமாயினும், இந்நேரத்தைச் சுருக்கினால் அதன் விளைவு சில ஆண்டுகளில் முரசோரத்திலே தெரியும். இரசத்தைக் கைவிட்டதனால் மட்டும் நன்மை விளைந்துவிடாது. அதற்கு ஈடாக வைத்தியருக்கு நேரத்தையும் கருவிகளையும் கொடுத்தாலன்றி, நோயாளரே நட்டமடைவர்.

நேயர்களும் சில கடமைகளை உணர்தல் நன்று. பல்லின் வேர் வெளிப்படுவதற்கு ஒரு காரணம் முரசு தேய்ந்து கீழிறங்குவதாகும். விறைத்த தூரிகையாற் குறுக்கே வன்மையாகத் தேய்ப்பதும், உமிக்கரி, செங்கற்பொடி போன்றவற்றால் அழுத்தித் துலக்குவதும் முரசையும் வேரின் மேற்பரப்பையும் ஒருங்கே தேய்த்துவிடும். மென்மையான தூரிகையும் புளோரைட்டு அடங்கிய பற்பசையும் கொண்டு, காலையிலும் இரவு உறங்குமுன்னும் மெல்லத் துலக்கினாற் போதும். இனிப்பை அடிக்கடி சுவைக்கும் வழக்கத்தைக் குறைத்தல் வேண்டும். அடைப்பிடப்பட்ட பற்களின் இடையே நூல் அல்லது சிறு தூரிகையால் நாள்தோறும் துப்புரவு செய்தல் வேண்டும். ஆய்வுகூடத்தில் அளந்த இழுவைக்கும் வாயினுள் அடைப்பு நிலைக்கும் ஆண்டுகளுக்கும் நேரான கணக்கொன்று கிடைத்திலது. ஒரே வைத்தியர் ஒரே பொருளால் அடைத்த இரு பற்களுள் ஒன்று நீடிப்பதும் மற்றது கெடுவதும், பெரும்பாலும் அப்பற்களுக்குரியோரின் பழக்கத்தைப் பொறுத்தே அமைகின்றன. இடைவெளி சிறிது இருப்பினும், அங்கே படலம் சேராத வாயில் சூத்தை எளிதில் தொடங்காது.

அடைத்த பல்லில் சில வாரங்களுக்கு மேலும் கூச்சம் நீடித்தாலோ, ஓரத்தில் உணவு சிக்கினாலோ, பழுப்பு நிறக் கோடு தோன்றினாலோ வைத்தியரிடம் காட்டுவது நன்று. நோவு வரும்வரை காத்திருத்தல் ஆகாது. வைத்தியர் முரசோரத்துக்கு மினுக்கம் குறைந்த சீமெந்தைத் தேர்ந்தாரேயாயின், மட்டமான பொருளை இட்டுவிட்டார் என்று குறைப்படுதல் வேண்டா. அவர் பிசினைச் சிறிது சிறிதாக இட்டு, ஒளியைப் பலமுறை காட்டி, நம்மை வாய் திறந்தபடி நெடுநேரம் இருக்கச் செய்தாரேயாயின், பொறுமை இழத்தலும் வேண்டா. அந்தச் சில நிமிடங்களே, முரசின் அருகே கண்ணுக்குத் தெரியாத அந்தத் தெரு திறவாதபடி காக்கின்றன.